பணக்கார வாரிசு இல்லாத காதல் தொடர்கள் எவை? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

சாமிமலைக்காரி

எல்லாருக்கும் வணக்கம். கொரியன், சீனத் தொடர்கள் விடாமல் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள், அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ பார்த்து முடித்ததிலிருந்து வேறு எந்தக் காதல் தொடரும் மனசுக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது. 2025 மார்ச்சில் வந்தது, மொத்தம் 16 எபிசோட், வாரத்துக்கு நான்கு நான்காக விட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ தொடங்கிப் பார்த்துவிட்டேன். முதல் எபிசோடிலேயே கம்பனி முதலாளியின் மகன் காரில் வந்து இறங்குவான், ஏழைப் பெண் அவன் மேல் கோப்பியைக் கொட்டுவாள், அவன் முறைப்பான், சரி, இனி என்ன நடக்கும் என்று அங்கேயே தெரிந்துவிடும். அந்தப் பெண் என்ன வேலை செய்கிறாள், மாதம் எவ்வளவு சம்பளம், வீட்டுக்கு எவ்வளவு அனுப்புகிறாள் என்பதெல்லாம் நாலாவது எபிசோடோடு காணாமல் போய்விடும். பிறகு அவளுக்கு இருக்கிற ஒரே வேலை அவனைப் பார்ப்பது மட்டும்தான். 2009இல் வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ எல்லாரும் கொண்டாடினார்கள், எனக்கு அதில் கோபம்தான் வந்தது. ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து ஒரு பிள்ளையைத் துன்புறுத்துகிறது, அதைத் தொடக்கி வைத்தவனையே அவள் காதலிக்க வேண்டுமாம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவதைக் காதல் என்று காட்டினால் நான் பார்க்க மாட்டேன்.

டேஞ்சரின்ஸில் என்ன வித்தியாசம் என்றால் (கதை தெரிய வேண்டாம் என்கிறவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போங்கள்) அங்கே வேலைதான் முதலில் வருகிறது. கொரியாவின் ஜெஜு தீவில் ஹேன்யோ என்ற பெண்கள் சிலிண்டர் எதுவும் இல்லாமல் மூச்சை அடக்கிக் கடலுக்குள் இறங்கி சிப்பி எடுக்கிறார்கள், யுனெஸ்கோ பட்டியலில்கூட 2016இல் அவர்களைச் சேர்த்தார்கள். கதாநாயகி ஏசுனின் அம்மா அப்படி ஒருவர், 29 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிடுகிறார். அதற்கு முன்னால் அந்தச் சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றி ஒரு கவிதை எழுதும். சிப்பி விற்று அம்மா சம்பாதிக்கிற காசை நான் தருகிறேன், அம்மாவின் ஒரு நாளை எனக்கு விற்றுவிடுங்கள் என்று கேட்கிற மாதிரி. நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், அதாவது வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில் வளர்ந்தவள். அம்மா விடியற்காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்குப் போனால் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டுத்தான் வருவார், கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்பதால் மழை கொட்டினாலும் மலையை விட்டு இறங்க மாட்டார். அந்தக் கவிதை வந்த இடத்தில் என்னால் மேலே பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டு அடுத்த நாள்தான் தொடர்ந்தேன்.

காதலும் அதே மாதிரி. மாமியார் வீட்டில் ஆம்பளைகளுக்கு ஒரு மேசை, பெண்களுக்கு வேறு மேசை. ஒரு நாள் ஏசுனின் புருஷன் குவான்சிக் ஒன்றுமே பேசாமல் தன் சோற்றுக் கோப்பையோடு திரும்பி, மனைவி இருக்கிற மேசைப் பக்கம் முகத்தை வைத்து உட்கார்ந்து சாப்பிடுவான். பூங்கொத்து கிடையாது, பாட்டு கிடையாது, வீட்டுப் பெரியவர்களின் முகம் மட்டும் மாறும். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில் குந்திக்கொண்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பெண்களைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய காதல் காட்சி வேண்டுமா?

அதனால் கேட்கிறேன். உழைக்கிற ஆட்கள், வாடகை, கடன், அம்மா அப்பா எல்லாம் கதைக்குள்ளேயே இருந்து, அதற்கு நடுவில் காதலும் இருக்கிற தொடர்கள் எவை? கொரியாதான் வேண்டும் என்றில்லை, சீனா, ஜப்பான், தாய்லாந்து எதுவானாலும் சரி. சப்டைட்டில் போதும், ஆனால் தமிழ் டப்பிங் இருந்தால் அம்மாவும் பார்ப்பார்.

ஹட்டன் மல்லிகை

அக்கா, டேஞ்சரின்ஸ் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் வாரிசுக் கதைகளை நீங்கள் இப்படி ஒதுக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

எங்கள் அம்மா இன்னும் மலைக்குப் போகிறவர். இரவு கால் கழுவி, அட்டை கடித்த இடத்துக்கு மருந்து போட்டுவிட்டு உட்கார்ந்தால் ‘கிங் த லேண்ட்’தான் கேட்பார். 2023இல் வந்தது, ஹோட்டல் முதலாளியின் மகனும் அங்கே வேலை செய்கிற பெண்ணும், நீங்கள் திட்டுகிற அதே கதை. நான் ஒரு முறை டேஞ்சரின்ஸ் போட்டுக் காட்டினேன், அரை மணித்தியாலத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார். “பகல் பூராவும் பார்க்கிறதைத்தானே இதிலும் காட்டுகிறார்கள்” என்றார். அவருக்கு வேண்டியது வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், பெரிய ஜன்னல், யாரோ சமைத்து மேசையில் கொண்டுவந்து வைக்கிற சாப்பாடு. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார். நாள் முழுக்க நின்று உழைத்த ஒருவருக்கு அந்த ஒரு மணித்தியாலம் அழகான இடத்தில் இருக்க ஆசையாக இருந்தால் அதில் என்ன பிழை? கஷ்டத்தைக் காட்டினால்தான் நல்ல தொடர் என்பது படித்து டவுனில் வேலைக்குப் போகிற நாம் சொல்வது, மலைக்குப் போகிறவர்களையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பணக்காரக் கதையிலேயே நன்றாக எழுதப்பட்டதும் இருக்கிறது. ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ எடுத்துக்கொள்ளுங்கள், 2019 டிசம்பரில் தொடங்கி 2020 பெப்ரவரியில் முடிந்தது. அங்கே பணக்காரி கதாநாயகிதான். வடகொரியக் கிராமத்தில் வந்து மாட்டிக்கொண்ட பிறகு அவளுடைய பணம் ஒன்றுக்கும் உதவாது. அந்தக் கிராமத்துப் பெண்கள் கூட்டம் இருக்கிறதே, கூடி உட்கார்ந்து கிம்ச்சி போடுவதும், அடுத்த வீட்டில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்ப்பதும், கரண்ட் போனால் அதற்கு ஒரு கதை பேசுவதும், எங்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரியே இருந்தது. வடக்கிலிருந்து தப்பி வந்த ஒருவர் எழுத்துக் குழுவில் இருந்தார், அது தெரிகிறது. கதாநாயகன் கோப்பிக்கொட்டையைத் தானே வறுத்து, இடித்து, அவளுக்குக் கோப்பி போட்டுக் கொடுப்பான். உங்கள் சோற்றுக் கோப்பைக் காட்சிக்கு அது எந்த விதத்திலும் குறையில்லை.

‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ பற்றி மட்டும் உங்கள் கட்சிதான். அது ஜப்பானிய மங்கா (படக்கதை) ஒன்றிலிருந்து வந்தது, 2001இல் தாய்வான், 2005இல் ஜப்பான், பிறகு கொரியா, 2018இல் சீனா என்று மாற்றி மாற்றி எடுத்தார்கள். எந்த நாட்டில் எடுத்தாலும் அந்தப் பிள்ளை படுகிற பாடு ஒன்றுதான்.

பதுளை பழைய வானொலி

உங்களுக்கெல்லாம் கொரியா தெரியும் முன்னாலேயே எங்களுக்கு ஓஷின் தெரியும், பிள்ளைகளா. ஜப்பானின் என்எச்கே டிவியில் 1983 ஏப்ரலில் தொடங்கி ஒரு வருடம் ஓடியது, ஒவ்வொன்றும் 15 நிமிடமாக 297 எபிசோட். இங்கே இலங்கை அரசாங்க டிவி ரூபவாஹினியில் சிங்களத்தில் போட்டார்கள். அந்தக் காலத்தில் எங்கள் தோட்டத்தில் டிவி இருந்த வீடுகளை எண்ணிவிடலாம், ஓஷின் நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. சிங்களம் தெரிந்த பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து அம்மாயிமாருக்கு ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையில் குட்டு விழும்.

ஏழு வயதுப் பிள்ளையை ஒரு மூட்டை அரிசிக்காக அடுத்த ஊருக்கு வீட்டு வேலைக்கு அனுப்புகிறார்கள், அந்தத் தாய் ஆற்றங்கரையில் நின்று அழுகிறாள். அதைப் பார்த்து எங்கள் வாசலில் அழாத ஒரு பெண் இல்லை. ஏனென்றால் தோட்டத்தில் இருந்து கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய தாய்மார் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் எதுவும் பேசவில்லை, அது முடிந்து போகும்போதுகூடப் பேசவில்லை.

அப்புறம் 2012 அளவில் ‘சுஜாத தியணி’ என்று அதே ரூபவாஹினியில் சிங்களத்தில் வந்தது கொரியாவின் ‘தே ஜாங் கும்’, 54 எபிசோட். அரண்மனைச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த பெண் கடைசியில் அரசனுக்கே வைத்தியராகிறாள். சாமிமலைத் தங்கச்சி கேட்கிற வேலையும் காதலும் அதில் இருக்கிறது. அந்த அதிகாரி மின் ஜொங் ஹோ அவளை எவ்வளவு விரும்பினாலும் வேலையை விட்டுவிட்டு என்னோடு வந்துவிடு என்று அவசரப்படுத்த மாட்டான், அவள் போகிற வழியில் துணைக்கு நிற்பான். முத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. என் பார்வையில் இன்றுவரை அதுதான் முதலிடம். இன்றைக்கு வருகிற 16 எபிசோட் தொடர்களில் ஆட்கள் வேலை கற்றுக்கொள்வதைக் காட்டவே நேரமில்லை. தே ஜாங் கும்மில் ஒரு சூப்பு எப்படி வைப்பது என்பதற்கே ஒரு எபிசோட் போகும், பார்க்கிறவர்களும் அலுக்காமல் பார்த்தார்கள்.

அன்சான் தம்பி

நான் தலவாக்கலைப் பக்கம், இப்போது கொரியாவில் அன்சானில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். மொழிப் பரீட்சை எழுதி ஈ-9 என்ற தொழிலாளர் விசாவில் வந்தவன். இங்கே வந்த பிறகு இந்தத் தொடர்களைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் மல்லிகைத் தங்கச்சிக்கு. அம்மா பார்க்கட்டும், அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்த வெள்ளை விரிப்பையும் பெரிய ஜன்னலையும் நம்பி ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் கொரியன் கிளாஸுக்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே எங்களுக்குக் கிடைப்பது இரும்பு, பெயின்ட், மீன், கோழிப்பண்ணை. ஒரு தவணையில் 4 வருடம் 10 மாதம் வரை இருக்கலாம், மனைவி பிள்ளைகளைக் கூட்டிவர அந்த விசாவில் இடமில்லை. என்னோடு தங்கியிருக்கிற ஒருவர் தன் மகளை வீடியோவில் மட்டுமே பார்த்திருக்கிறார். இப்படிப் பிரிந்திருந்து போனிலேயே குடும்பம் நடத்துகிற புருஷன் பெண்சாதியைப் பற்றி ஒரு காதல் தொடர் எடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அன்சானில் வொன்கொக்தொங் தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பார்த்தால் அப்படி ஆயிரம் கதை போகும். ஆனால் நான் பார்த்த கொரியக் காதல் தொடர்களில் எங்களைப் போன்றவர்கள் பின்னால் நடந்து போகிற ஆட்கள்தான். 2021இல் ‘ஸ்குவிட் கேம்’ வந்தபோது சம்பளம் கொடுக்காத முதலாளியிடம் சண்டை பிடிக்கிற பாகிஸ்தான் தொழிலாளி அலியைப் பார்த்து எங்கள் விடுதியே பேசிக்கொண்டிருந்தது. அது காதல் கதை இல்லைதான், ஆனாலும் எங்களில் ஒருவனுக்கு ஒரு பேரும் குடும்பமும் கொடுத்தார்களே என்று இருந்தது.

அக்கா கேட்டதற்கு என் பதில் ‘மை லிபரேஷன் நோட்ஸ்’, 2022, 16 எபிசோட். சியோலுக்கு வெளியே ஒரு கிராமத்தில் அக்கா, தம்பி, தங்கச்சி மூன்று பேரும் தினமும் ரயிலும் பஸ்ஸும் மாறி மாறி சியோலுக்கு வேலைக்குப் போய் இருட்டின பிறகு வீடு வருவார்கள். அப்பா சமையலறை சிங்க் செய்து பொருத்துகிறவர், தோட்டமும் செய்கிறார், வாயைத் திறந்து பேசவே மாட்டார். அவரிடம் கூலிக்கு வேலை செய்கிற, குடித்துக்கொண்டே இருக்கிற ஒருவர்தான் தங்கச்சியின் காதலன். மெதுவாகப் போகும், முதல் நான்கு எபிசோடில் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும், பொறுமையாகப் பாருங்கள். ஹட்டனில் இருந்து கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், மாதத்துக்கு ஒரு தரம் கோச்சியில் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அந்தக் களைப்பு புரியும். இதே எழுத்தாளர் பார்க் ஹே யங் 2018இல் எழுதியது ‘மை மிஸ்டர்’, அதைக் காதல் தொடர் என்று சொல்ல முடியாது, ஆனால் கடனில் மூழ்கிய பிள்ளை ஒருத்தி ஆபீசில் இருந்து காப்பி பக்கெட்டைத் திருடிக்கொண்டு போய் இரவுச் சாப்பாடாகக் குடிக்கிற காட்சியை நான் மறக்கவில்லை.

பண்டாரவளை தேநீர்

சீனத் தொடர் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். சீனத் தொடர் என்றாலே வானத்தில் பறந்துகொண்டு மூன்று பிறவிக்குக் காதலிப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், ‘இடர்னல் லவ்’ மாதிரி 58 எபிசோட். அதுவும் எனக்குப் பிடிக்கும், ஆனால் இங்கே கேட்டது அதுவல்ல.

‘எ ட்ரீம் ஒஃப் ஸ்பிளெண்டர்’ பாருங்கள், 2022. வடக்குச் சொங் அரசர் காலம். நிச்சயம் செய்தவனால் கைவிடப்பட்ட ஒரு பெண், இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தலைநகரத்தில் தேநீர்க் கடை போடுகிறாள். ஒருத்தி பலகாரம் செய்வாள், ஒருத்தி வீணை மாதிரி ஒன்று வாசிப்பாள். கடைக்கு வாடகை எவ்வளவு, ஒரு கோப்பைக்கு என்ன விலை வைப்பது, எதிர்க்கடைக்காரர்கள் சேர்ந்துகொண்டு தொந்தரவு செய்தால் என்ன செய்வது, எல்லாமே கதையில் வருகிறது. தேயிலையைப் பொடியாக்கி, கிண்ணத்தில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி மூங்கில் துடைப்பான் மாதிரி ஒன்றால் நுரை வர அடித்து, அந்த நுரையின் மேல் படம் வரைவார்கள். தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்து, பிளேன்டீயைத் தவிர வேறு கண்டிராத எனக்கு அது பெரிய ஆச்சரியம். நல்ல கொழுந்தெல்லாம் பெட்டியில் ஏறிப் போய்விட, நம் வீட்டில் தூள்தானே கொதித்தது. பின்பாதியில் அரண்மனை அரசியல் கூடிப் போகிறது, கடையை மறந்துவிடுகிறார்கள், அங்கே எனக்கு அலுத்தது. 40 எபிசோடுக்கு மேல் போகக் கூடாது என்று 2020இல் சீனாவில் விதி கொண்டுவந்தார்கள், இதைப் போல நிறையத் தொடர்கள் சரியாக 40இல் நிற்பது அதனால்தான், ஆனால் 30இல் முடித்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். சீனத் தொடர்களில் பல நடிகர்களுக்கு வேறு ஒருவர்தான் குரல் கொடுப்பார், அதையும் தெரிந்துகொண்டு பாருங்கள்.

2023இல் வந்த ‘மீட் யுவர்செல்ஃப்’ இன்னொன்று. யுன்னான் மாகாணத்தில் தாலி என்ற இடம், மலை, ஏரி, மழை. பெரிய நகரத்து வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்து, ஊர்ப் பிள்ளைகள் ஊரிலேயே பிழைக்க வழி தேடுகிற ஒருவன்தான் ஹீரோ. எல்ல ஊர்ப் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற தம்பிமார் எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும். சண்டை இல்லை, வில்லி இல்லை, சாப்பிடுவார்கள், வேலை செய்வார்கள், பேசுவார்கள். அம்மாக்களுக்கும் பிடிக்கும், மல்லிகையின் அம்மாவுக்கே பிடிக்கலாம், ஏனென்றால் அழகும் இருக்கிறது, யாரும் யாரையும் வதைக்கவில்லை.

அக்கா, டேஞ்சரின்ஸ் எழுதிய லிம் சாங் சுன் இதற்கு முன்னால் 2019இல் எழுதிய ‘வென் த கமெலியா புளூம்ஸ்’ பார்த்துவிட்டீர்களா? கடலோர ஊரில் தனியாகப் பிள்ளை வளர்த்துக்கொண்டு சாப்பாட்டுக்கடையும் பாருமாக ஒன்று நடத்துகிற பெண், அவளை ஊரே ஒரு மாதிரிப் பார்க்கிறது. பார்க்கவில்லை என்றால் வேறு எதையும் தொடங்காமல் அதைத் தொடங்குங்கள்.

சாமிமலைக்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கமெலியா பார்க்கவில்லை, அதே எழுத்தாளர் என்பதே இப்போதுதான் தெரியும், அதுதான் முதலில்.

மல்லிகை, நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அம்மா சொன்னதற்கு என்னிடம் மறுபேச்சு இல்லை, அவர் பார்க்க வேண்டியதை அவர் பார்க்கட்டும். ஆனால் என் கோபம் அந்தப் பெரிய ஜன்னலோடு இல்லை. அந்த ஹோட்டலில் விரிப்பை மாற்றுகிற பெண்ணையும் கொஞ்சம் காட்டுங்கள், அவளுக்கும் ஒரு காதல் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். கிங் த லேண்டில் கதாநாயகியின் வேலை தோழிகள் இரண்டு பேரின் வீட்டுக் கதை வருகிற பகுதிதான் எனக்குப் பிடித்ததே, கல்யாணமான தோழி வேலை முடிந்து களைத்து வந்து மாமியார் வீட்டு வேலையும் செய்கிறாளே, அது. அந்தத் தோழியை வைத்து 16 எபிசோட் எடுத்திருந்தால் உங்கள் அம்மாவும் நானும் சேர்ந்தே பார்த்திருப்போம்.

அன்சான் தம்பி, ஒரு சந்தேகம். லிபரேஷன் நோட்ஸில் அந்தக் குடிகாரன் கடைசி வரை அவளை வதைக்காமல் இருக்கிறானா? குடிக்கிற ஆம்பளையை நல்லவனாகக் காட்டினால் எனக்குப் பயமாக இருக்கும், எங்கள் பக்கத்தில் அது விளையாட்டு விஷயம் இல்லை.

அன்சான் தம்பி

அக்கா, அவளை அடிப்பதோ ஏசுவதோ கிடையாது. ஆனால் குடியை அழகாகவும் காட்டவில்லை, அவன் உடம்பும் வாழ்க்கையும் எப்படிப் போகிறது என்று காட்டுகிறார்கள். அவன் திருந்துவதற்காக இவள் தன்னை அழித்துக்கொள்ளவும் இல்லை. பயப்படாமல் பாருங்கள், பிடிக்கவில்லை என்றால் ஐந்தாவது எபிசோடில் நிறுத்திவிட்டு இங்கே வந்து திட்டுங்கள்.

ஹட்டன் மல்லிகை

மீட் யுவர்செல்ஃப் முதல் எபிசோட் அம்மாவுக்குப் போட்டேன். தூங்காமல் பார்த்தார். அந்தப் பாட்டி வீட்டுச் சமையலறை மாதிரி ஒன்று வேண்டுமாம். சாமிமலை அக்கா, உங்கள் பக்கம் சிக்னல் பிரச்சினை என்றால் டவுனுக்கு வரும்போது வைஃபையில் டவுன்லோட் செய்து வைத்துக்கொள்ளுங்கள், கமெலியா எபிசோட் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல், போனில் இடம் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.